தரங்கம்பாடியில் மீன் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரங்கம்பாடியை ஒட்டிய பொறையாறில் குடியிருப்பதால் எனக்கு ஒரு கூடுதல் வேலை தானாக வந்து சேர்ந்துவிட்டது. கோட்டை பார்க்க வருகிறவர்கள், திருக்கடையூர் வருகிறவர்கள், வேளாங்கண்ணி போகிற வழியில் இறங்குகிறவர்கள் எல்லாருக்கும் யாரோ என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். "மத்தியானம் எங்கே மீன் சாப்பிடலாம்?" என்று ஆரம்பித்து, அதிலிருந்து பத்துக் கேள்வி கிளைக்கும். அடுத்த முறை யாராவது கூப்பிட்டால் இதை அனுப்பிவிடலாம் என்று ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் வீட்டு வாசலிலும் கீற்றுக் கொட்டகையிலும் நடக்கிற சின்ன மெஸ்களைப் பற்றியது. ஏசி போட்ட ஓட்டல்களுக்குப் பாதிப் பதில் பொருந்தாது.

தரங்கம்பாடி எங்கே இருக்கு? சாப்பாட்டுக்குன்னே கிளம்பி வரலாமா?

மயிலாடுதுறை மாவட்டம். 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. ரயிலில் வந்தால் மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்கி பஸ் பிடியுங்கள், சுமார் 30 கிலோமீட்டர். காரைக்காலில் இருந்து வந்தால் அதில் பாதிதான். மயிலாடுதுறையில் இருந்து இங்கே வரை ரயிலே ஓடிக்கொண்டிருந்தது, 1986-இல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பேச்சை எடுத்தால் பெரியவர்கள் விட மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கென்றே வரலாம். ஆனால் காலை பத்து மணிக்கே வந்துவிட்டால் கையில் நேரம் இருக்கும். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1706-இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு எழுப்பிய தேவாலயம், கடல் அரித்துக்கொண்டே வந்த மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் நடந்துபோகிற தூரத்தில் இருக்கின்றன. நடந்தால் பசிக்கும். பசியோடு வருவதுதான் நல்லது.

மெஸ்னா எப்படி இருக்கும்? மெனு கார்டு தருவாங்களா?

தர மாட்டார்கள். ஒரு கரும்பலகை இருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்துகிற கடை. அம்மா அடுப்பில் நிற்பார், மகனோ மருமகளோ பரிமாறுவார், கல்லாவில் பெரியவர் உட்கார்ந்திருப்பார். நாலைந்து மேஜை, ஒரு கை கழுவும் தொட்டி, அவ்வளவுதான்.

உள்ளே போனதும் "என்னென்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள். அதற்கு "எல்லாம் இருக்குங்க" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு என்ன மீன் வந்துச்சுக்கா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் உங்கள் சாப்பாட்டின் தரம் முக்கால்வாசி முடிவாகிவிடும். வந்த மீனைச் சொல்வார்கள், அதைச் சொல்லும்போதே எது நன்றாக இருக்கிறது என்பதும் குரலில் தெரிந்துவிடும்.

கடை பேரைச் சொல்லுங்களேன், மேப்புல போட்டுக்கிட்டு வந்துடறோம்.

சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கடைகள் கை மாறும், அடுப்பில் நிற்கிறவர் மாறுவார், மகள் பிரசவத்துக்கு வந்தால் இரண்டு மாதம் மூடிக் கிடக்கும். போன வருடம் ஒருவர் புகழ்ந்து எழுதியதை நம்பி இந்த வருடம் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்கள் நிறைய.

கடையைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மத்தியானம் ஒரு மணிக்கு யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். பேங்க் ஊழியர், ஆட்டோ ஓட்டுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார், ஐஸ் வண்டி டிரைவர் இவர்களெல்லாம் உட்கார்ந்திருந்தால் உள்ளே போகலாம். தினமும் சாப்பிடுகிறவர்களை ஏமாற்றி எந்தக் கடையும் பிழைக்க முடியாது. வாசலில் முழுக்க வெளியூர் கார் நின்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

எத்தனை மணிக்கு வந்தா நல்லது?

பன்னிரண்டரையில் இருந்து இரண்டு மணிக்குள். ஃபைபர் படகுகள் விடிவதற்கு முன்பே போய்க் காலையில் திரும்பிவிடும். கரையில் ஏலம் முடிந்து மீன் கடைக்கு வந்து, ஆய்ந்து, குழம்பு கொதித்து இறங்க பன்னிரண்டு ஆகிவிடும். பதினொன்றரைக்கே போனால் குழம்பு இன்னும் அடங்கியிருக்காது. மூன்று மணிக்குப் போனால் அடியில் கிடக்கிற தலையும் வாலும்தான்.

ராத்திரிச் சாப்பாட்டை எதிர்பார்த்து வராதீர்கள். இருட்டினால் பெரும்பாலான மெஸ்களில் இட்லி, தோசை, பரோட்டாதான். மத்தியானக் குழம்பு மிச்சம் இருந்தால் இட்லிக்கு ஊற்றுவார்கள். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மீன் குழம்பு நேரம் ஆக ஆகத்தான் புளியும் உப்பும் மீனில் இறங்கும்.

மீன் சாப்பாடுன்னு சொன்னா என்னென்ன வரும்?

இலையில் புழுங்கலரிசிச் சோறு, மீன் குழம்பு, ஒரு பொரியல் அல்லது கூட்டு, ரசம், மோர், அப்பளம். சோறும் குழம்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். குழம்பு மீன் ஒரு துண்டு சில கடைகளில் சாப்பாட்டோடு சேர்த்தி, சில கடைகளில் தனிக் கணக்கு. வறுவல் எல்லாக் கடையிலும் தனிதான்.

இந்தப் பக்கத்துக் குழம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புளி தூக்கலாக இருக்கும். சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசாகக் கிடக்கும். மாங்காய்க் காலத்தில் இரண்டு கீற்று மாங்காய் போடுவார்கள், அந்த நாளில் புளியைக் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் குழம்புக்கு உயிர் கொடுப்பது கடைசித் தாளிப்பு. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி, பங்குனி சித்திரை வெயிலில் நாள்கணக்கில் காயவைத்து எடுத்த தாளிப்பு வடகம். அதில் கொஞ்சம் கிள்ளி நல்லெண்ணெயில் பொரித்துக் குழம்பில் கொட்டினால் தெருமுனை வரை வாசனை வரும். புதுச்சேரி, காரைக்கால் வழியாக இந்த வடகம் பிரெஞ்சுக்காரர் சமையல் வரைக்கும் போயிருக்கிறது. சென்னையில் இருந்து வருகிறவர்கள் சிலர் "கருகின வாசனை வருதே" என்பார்கள். கருகவில்லை, அப்படித்தான் இருக்கும்.

வெறும் கடுகு வெந்தயம் தாளித்த குழம்பு மோசம் என்று சொல்லவில்லை. இருந்தாலும் வடகம் போடுகிற கடையா போடாத கடையா என்பதை வைத்துத்தான் நான் தரம் பிரிக்கிறேன்.

எங்களுக்கு வஞ்சிரம் மட்டும்தான் தெரியும். வேற என்ன கேக்கணும்?

வஞ்சிரம் நல்ல மீன்தான். முள் குறைவு, வட்டமாக நறுக்கி வறுக்கத் தோது. அதனாலேயே ஊரெல்லாம் அதைக் கேட்கிறது, விலையும் ஏறிக்கிடக்கிறது. சென்னையில் கிடைக்கிற அதே துண்டைச் சாப்பிட இவ்வளவு தூரம் வர வேண்டுமா?

குழம்புக்குச் சங்கரா, பாறை, கிழங்கான். சங்கராத் தலையைக் குழம்பில் கேட்டு வாங்குங்கள். மத்தியும் கானாங்கெளுத்தியும் எண்ணெய்ச் சத்துள்ள மீன்கள், புளிக் குழம்புக்கு அப்படிப் பொருந்தும். கலர் சட்டை போட்டு வருகிற வெளியூர்க்காரர்கள் "மத்தியா?" என்று மூக்கைச் சுளிப்பார்கள். பரிமாறுகிறவர் வீட்டில் அன்று அதுதான் சமைத்திருப்பார்கள். வறுவலுக்கு நெத்திலி, காரல், வவ்வால். காரல் கையகலம்கூட இராது. மொறுமொறுவென்று வறுத்தால் முள்ளோடு மென்றுவிடலாம்.

ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரங்கள் இந்தக் கரையில் நிறைய. அங்கே உப்பும் நல்ல தண்ணியும் கலந்த இடத்தில் கொடுவாயும் மடவையும் வளரும். மடவைக் குழம்பு என்று யாராவது சொன்னால் மேலே எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிடுங்கள்.

விலை எவ்வளவு ஆகும்? வெளியூர்னு தெரிஞ்சா கூட வாங்கிடுவாங்களோ?

சாப்பாட்டு விலை நிலையாக இருக்கும், பலகையில் எழுதியும் இருக்கும். ஏறி இறங்குவது வறுவல் விலைதான். கரையில் காலை ஏலம் எப்படிப் போனதோ அப்படி. நேற்று வந்த நண்பர் கொடுத்த விலை இன்று இருக்காது.

தகராறு வருவதெல்லாம் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் பில்லைப் பார்க்கிறவர்களுக்குத்தான். தட்டில் வறுவலைக் காட்டும்போதே "இந்தத் துண்டு எவ்வளவுங்க?" என்று கேட்டுவிடுங்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள். ஏலக்கரையில் பேசலாம், இலை போட்ட பிறகு பேசக்கூடாது.

ஏப்ரல், மே மாசத்துல வந்தா மீனே கிடைக்காதாமே? பசங்களுக்கு லீவு அப்பத்தானே.

கிடைக்கும், ஆனால் வேறு மாதிரி கிடைக்கும். மீன்கள் இனப்பெருக்கம் செய்கிற காலம் என்பதால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. இந்தத் தடை விசைப்படகுகளுக்கு. ஃபைபர் படகும் கட்டுமரமும் கரையை ஒட்டிப் போய் வரும். ஆகவே நெத்திலி, காரல், மத்தி போன்ற சின்ன மீன்கள் இருக்கும். பெரிய மீன் குறையும், விலை ஏறும்.

அந்த நாட்களில் ஒரு கடையில் பெரிய பெரிய வஞ்சிரத் துண்டு அடுக்கி வைத்திருந்தால், அது பெரும்பாலும் மேற்குக் கரையில் இருந்து ஐஸில் வந்தது. அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் ஏப்ரல், மேயில் லாரி இந்தப் பக்கம் வரும். ஐஸில் வந்தது கெட்டது என்று அர்த்தமில்லை. கடற்கரையில் உட்கார்ந்து அதைத்தான் சாப்பிட வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் அந்த இரண்டு மாதமும் கத்திரிக்காய் மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்போ, குளத்து விரால் குழம்போ கேட்பேன்.

ஜூன் 12 மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற நாள். ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடை முடிகிறது. விவசாயிக்கும் மீனவருக்கும் டெல்டாவில் வேலை தொடங்குவது ஒரே வாரத்தில். ஜூன் கடைசியில் வாருங்கள், கரையே வேறு மாதிரி இருக்கும்.

மழைக்காலத்துல எப்படி?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாடைக்காற்று பிடித்துக்கொண்டால், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், படகு போகாது. படகு போகாவிட்டால் மெஸ்ஸில் முட்டைக் குழம்பு. கிளம்பும் முன்பு ஒரு போன் போட்டு "படகு போச்சா?" என்று கேளுங்கள். மழை விட்டு முதல் இரண்டு நாள் கடலுக்குப் போய் வருகிறபோது மீன்பாடு நன்றாக இருக்கும் என்பது கரையில் எல்லாரும் சொல்கிற கணக்கு.

வேற எந்தெந்த நாள் கடை இருக்காது?

டிசம்பர் 26 கண்டிப்பாகக் கேட்காதீர்கள். 2004 சுனாமியில் அப்போதைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அன்றைக்கு மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. கரையில் நினைவஞ்சலி நடக்கும். வந்தால் அமைதியாக நின்றுவிட்டுப் போங்கள், சாப்பாட்டைப் பொறையாறில் பார்த்துக்கொள்ளலாம்.

ஊரில் சாவு விழுந்தால் படகு இறங்காது. கோயில் திருவிழா, ஊர்க் கூட்டம் என்று பஞ்சாயத்தார் சொன்னாலும் இறங்காது. இதெல்லாம் முன்கூட்டித் தெரிகிற விஷயமில்லை. புரட்டாசியில் ஊர் பாதி சைவத்துக்குப் போய்விடுவதால் சில மெஸ்கள் அந்த மாதத்தை ஓய்வாக வைத்துக்கொள்ளும். திறந்திருக்கிற கடையில் உங்களுக்குத்தான் லாபம், மீன் விலை இறங்கியிருக்கும்.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. காவி உடுத்தி நடந்துபோகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க இருப்பார்கள். கடை இருக்கும், இடம் இருக்காது.

சைவம் சாப்பிடறவங்க ரெண்டு பேர் கூட வர்றாங்க. அவங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

ரசம், பொரியல், மோர், அப்பளம் கிடைக்கும். சாம்பார் சில இடத்தில் இருக்கும். ஆனால் அப்பளம் பொரித்த எண்ணெய் எது, கரண்டி எது என்றெல்லாம் கேட்கிறவர்களாக இருந்தால் கூட்டிவராதீர்கள். அடுப்படி ஒன்றுதான். உண்மையான பதில் சொல்ல முடியாமல் பரிமாறுகிறவர் தவிப்பார். பொறையாறிலோ திருக்கடையூரிலோ சைவ ஓட்டலில் அவர்களை இறக்கிவிட்டு வந்தால் எல்லாருக்கும் நிம்மதி.

குழந்தைங்களுக்குக் காரமும் ஆகாது, முள்ளும் பயம். என்ன கொடுக்கறது?

வறுவலுக்கு மசாலா காலையிலேயே தடவி ஊறவைத்திருப்பார்கள், அதனால் "காரமில்லாம வறுத்துக் கொடுங்க" என்று கடைசி நிமிடத்தில் கேட்டால் நடக்காது. முன்பே போனில் சொன்னால் இரண்டு துண்டுக்கு மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி எடுத்து வைப்பார்கள். இங்கே மட்டும் வஞ்சிரத்தைக் கேளுங்கள், குழந்தைக்கு அதுதான் பத்திரம். காரல், மத்தி எல்லாம் முள் பழகிய வாய்க்கு.

திருக்கடையூர்ல அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். முடிச்சுட்டு ஒரு முப்பது பேர் மீன் சாப்பிட வரலாமா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. திருக்கடையூர் அபிராமி சன்னதிக்கும் இங்கேயும் ஏழெட்டு கிலோமீட்டர்தான், அதனால் ஆசை வருவது இயற்கை. ஹோமத்தில் உட்கார்ந்த அப்பா அம்மா அன்று மீன் சாப்பிட மாட்டார்கள். மாலையும் கழுத்துமாக அவர்களைக் காரில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய்ச் சாப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது பேர் என்றால் முதல்நாளே சொல்லி முன்பணம் கொடுக்க வேண்டும். நாலைந்து மேஜைக் கடையில் மூன்று பந்தி ஆகும். சொல்லாமல் போய் நின்றால் தினமும் சாப்பிடுகிற ஆட்களுக்குச் சோறு இல்லாமல் போய்விடும், அடுப்பில் நிற்கிற அக்கா உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்பத்தான் வேண்டும்.

ஏலத்துல நாமே மீன் வாங்கிக் கொடுத்தா சமைச்சுத் தருவாங்களா?

சில மெஸ்களில் செய்வார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று சமையல் கூலி வாங்கிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்காதீர்கள், கூட்டத்தில் யாருக்கும் கை ஒழியாது.

ஆனால் ஏலத்தில் நீங்கள் நினைக்கிற மாதிரி வாங்க முடியாது. அங்கே கூடை கூடையாகக் குவித்து, கூவி, கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடுவார்கள். வாங்குகிறவர்கள் எல்லாரும் வியாபாரிகள். ஒரு கிலோ சங்கரா வேண்டும் என்று நடுவில் நுழைந்தால் சிரிப்பார்கள். ஏலம் எடுத்துவிட்டு ஓரமாகக் கூறு போட்டு விற்கிற பெண்களிடம் வாங்குங்கள். அவர்களே செதில் எடுத்து, குடல் நீக்கி, நறுக்கியும் தருவார்கள், அதற்குத் தனிக் காசு. தலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு வராதீர்கள். குழம்புக்குத் தலை எங்கே என்று அக்கா கேட்பார்.

ஐஸ் மீனா, அன்னைக்கு வந்த மீனான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? வறுத்து வந்துட்டா கண்டுபிடிக்க முடியுமா?

பச்சையாகப் பார்த்தால் சுலபம். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், கண் தெளிந்து உப்பியிருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் பள்ளம் விழாமல் மேலே வர வேண்டும். மெஸ்ஸில் மீனைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள்.

வறுத்த பிறகு கஷ்டம், ஆனால் முடியாததில்லை. அன்றைய மீனின் தசை இதழ் இதழாகப் பிரியும், உள்ளே ஈரம் இருக்கும். பழசு விரல் பட்டால் மாவாக உதிரும். மசாலா ரொம்பக் கனமாக, சிவப்புச் சாயம் தூக்கலாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். திருக்கையும் சுறாவும் பழசானால் அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும், அதை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது.

இன்னொரு விஷயம் முக்கியம். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் மீனின் உடம்பில் ஹிஸ்டமின் என்கிற ஒவ்வாமைப் பொருள் சேரும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. சாப்பிடும்போது நாக்கில் சுருக்கென்று எரிச்சல், கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து அரிப்பு, தலைவலி வரும். அப்படித் தோன்றினால் "காரமா இருக்கும்போல" என்று தொடர்ந்து சாப்பிடாமல் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஆகவே ஐஸைக் குறை சொல்லாதீர்கள். ஐஸ் போடாத மீனைவிட ஐஸ் போட்ட மீன் எவ்வளவோ மேல்.

இறால் கடல் இறாலா, பண்ணை இறாலா?

கேட்டால் "கடல் இறால்தாங்க" என்றுதான் சொல்வார்கள். ஒரே அளவில், ஒரே நிறத்தில், எண்ணி அடுக்கின மாதிரி இருந்தால் அது பண்ணை வன்னாமி. பசிபிக் கரையோர இனம், 2009-இல் இந்தியாவில் வளர்க்க அனுமதித்தார்கள். கடலில் வருவது சிறிசும் பெரிசும் கலந்து இருக்கும், விலையும் கூட. ருசியில் கடல் இறாலுக்கு இனிப்பு அதிகம். பூண்டு மிளகு போட்டுத் தொக்கு வைத்துவிட்டால் எனக்கே வித்தியாசம் சொல்வது கடினம்.

பண்ணை இறாலைச் சாப்பிடுவதில்லை என்று இருக்கிறவர்களும் இந்தப் பக்கம் உண்டு. அதற்கு ருசி காரணமில்லை. நெல் வயலுக்குப் பக்கத்தில் உப்புத் தண்ணீர் குட்டை வெட்டியதை எதிர்த்து இந்த டெல்டாவில் பெரிய போராட்டமே நடந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டம் வந்தது. பண்ணைகள் இன்னும் இருக்கின்றன, கருத்து வேறுபாடும் இருக்கிறது.

நண்டு அமாவாசைக்குத்தான் சதைப்பற்றா இருக்குமாமே, நிஜமா?

கரையில் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் நாள் பார்ப்பதைவிட நண்டைப் பார்ப்பேன். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் இருக்க வேண்டும், வயிற்றுப் பக்கம் அமுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும். ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே தண்ணீர்தான். வயிற்றில் முட்டை சுமந்த நண்டை வாங்காதீர்கள்.

வெள்ளைச் சட்டையோடு நண்டு சாப்பிட வருகிறவர்களுக்கு நான் உதவ முடியாது.

சுறாப்புட்டு சட்டப்படி சரியா? கர்ப்பமா இருக்கறவங்க சாப்பிடலாமா?

எல்லாச் சுறாவும் தடையில் இல்லை. திமிங்கலச் சுறாவும் ரம்பம் போன்ற மூக்குள்ள வேளாவும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன, பிற்பாடு இன்னும் சில இனங்களும் சேர்ந்தன. மெஸ்ஸில் புட்டுக்கு வருவது பெரும்பாலும் சின்னப் பால் சுறா. பூண்டும் வெங்காயமும் மிளகும் போட்டு உதிர்த்த புட்டைப் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று கொடுப்பது இங்கே பழைய வழக்கம்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் டாக்டர்கள் வேறு சொல்கிறார்கள். சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்கிற மீன் என்பதால் உடம்பில் பாதரசம் சேரும், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அவர்களுக்கு நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்கள் நல்லது. பாலூட்டுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பாட்டி சொல்வதற்கும் டாக்டர் சொல்வதற்கும் நடுவில் வீட்டில் சண்டை வந்தால் என் பெயரை இழுக்காதீர்கள்.

பீர் கிடைக்குமா? காரைக்கால் பக்கத்துலதானே, வாங்கிட்டு வந்து வச்சு சாப்பிடலாமா?

கூடாது. மெஸ்ஸுக்கு அதற்கான உரிமம் இல்லை, அது ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிற வீட்டு வாசல். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. அங்கிருந்து சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது. மோர் கேளுங்கள், இஞ்சி தட்டிப் போட்டுத் தருவார்கள்.

கார்டு வாங்குவாங்களா? ஜிஎஸ்டி பில் வேணும்னா?

கூகுள் பே ஒட்டி வைத்திருப்பார்கள். கடலோரத்தில் சிக்னல் சில நேரம் காலை வாரும், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு வேலைக்கு ஆகாது.

வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற கடை ஜிஎஸ்டிக்குப் பதிய வேண்டியதில்லை, அதனால் பில்லில் வரி இருக்காது. துண்டுச் சீட்டில் கூட்டிக் கொடுப்பார்கள். வரி என்று தனியாகப் போட்டிருந்தால் அவர்கள் எண் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணைச் சின்னக் கடையும் சுவரில் மாட்டியிருக்க வேண்டும்.

டிப்ஸ் கொடுக்க ஆசைப்பட்டால் இலை எடுக்கிற அம்மாவிடம் கொடுங்கள். கல்லாவில் வைத்தால் பெரியவர் "மீதியை எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி" என்பார்.

நாகூர், வேளாங்கண்ணி பக்கம் போனாலும் இதே பதில்தானா?

மீனுக்கு இதே பதில். கடைக்கு வேறு. வேளாங்கண்ணியில் கடற்கரை வழியெங்கும் மசாலா தடவிய மீனைத் தட்டுத் தட்டாக அடுக்கிக் கூப்பிடுவார்கள். அங்கே விலையை முதலில் பேசிவிட்டுத்தான் எண்ணெயில் போடச் சொல்ல வேண்டும், ஐஸ் மீன் கேள்விக்கு மேலே சொன்ன சோதனை எல்லாம் செய்து பாருங்கள். நாகூரில் மீன் சாப்பாட்டைவிட, சாயங்காலம் தர்கா பக்கத்தில் அரிசி மாவில் இறால் வைத்துச் சுட்டெடுக்கிற வாடா விசேஷம். சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறிவிட்டால் எண்ணெய்தான் தெரியும்.

ஊருக்குக் கருவாடு வாங்கிட்டுப் போகலாமா?

வாங்கலாம். தொட்டால் கையில் ஈரம் ஒட்டக்கூடாது, மணல் உதிரக்கூடாது, ஓரத்தில் சிவப்போ பச்சையோ பூத்திருக்கக்கூடாது. நெத்திலிக் கருவாடு முதலில் வாங்கிப் பழகுங்கள், பிறகு வாளை, பிறகு சுறா. மழைக்காலத்தில் வாங்காதீர்கள், வெயில் இல்லாமல் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்.

பழைய செய்தித்தாளில் இரண்டு சுற்று, அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் மூடி போட்ட டப்பா. ஏசி பஸ்ஸில் முன்பதிவு செய்திருந்தால் டப்பாவைக் கீழே லக்கேஜில் போட்டுவிடுங்கள்.